நிறம் மட்டும் நீர்க்கட்டும்: ஸ்கேல் மாடலில் மீடியம் கலந்து பூசுவது எப்படி?

1/35 அளவு, அதாவது நிஜத்தில் 35-ல் ஒரு பங்காகச் செய்த மாடல் மனித உருவம் ஒன்றின் முகம் சுண்டுவிரல் நகத்தில் பாதிதான் இருக்கும். தோல் நிறம் பூசி முடித்தாயிற்று. கன்னத்தில் லேசாகச் செம்மை ஏற்ற வேண்டியதுதான் பாக்கி. சிவப்பு அக்ரிலிக் ஒரு சொட்டு எடுத்து, தண்ணீர் விட்டு நன்றாக நீர்க்கச் செய்து, பிரஷ் நுனியால் கன்னத்தைத் தொடுகிறோம். வண்ணம் அங்கே நிற்க மாட்டேன் என்கிறது. பாதி மூக்கோரத்துப் பள்ளத்துக்கு ஓடிவிடுகிறது, மீதி ஒரு துளியாகத் திரண்டு உட்கார்ந்துகொள்கிறது. காய்ந்த பிறகு பார்த்தால் கன்னத்தின் நடுவில் நிறமே இல்லை. சுற்றிலும் மட்டும் ஒரு சிவப்பு வளையம்.

அதே சிவப்பில், அதே பிரஷ்ஷில், தண்ணீருக்குப் பதில் ஒளிபுகும் மீடியம் (நிறமில்லாத வண்ணம்) கலந்து பாருங்கள். வைத்த இடத்தில் வண்ணம் நிற்கும். ஓரத்தில் கோடு கட்டாது. தோல் நிறத்துக்கு உள்ளிருந்தே செம்மை தெரிவது போல இருக்கும். முதல் தடவை இதைப் பார்த்தபோது, இத்தனை நாள் என் கையில்தான் குறை என்று நினைத்திருந்தது எவ்வளவு தவறு என்று புரிந்தது. குறை கலவையில் இருந்தது. அக்ரிலிக் பூசத் தொடங்கியிருக்கும் யாருக்கும் இந்த ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்று அன்று முதல் எனக்கு ஆசை.

விஷயம் இதுதான்: தண்ணீர் விட்டால் வண்ணத்தில் உள்ள எல்லாமே நீர்த்துப்போகும். மீடியம் விட்டால் நிறம் மட்டும் நீர்க்கும், வண்ணம் வண்ணமாகவே இருக்கும்.

சொட்டுக்குள் என்ன இருக்கிறது?

அக்ரிலிக் வண்ணத்தில் முக்கியமாக மூன்று பொருள்கள். நிறம் தரும் நுண்பொடி, அதாவது நிறமி. அந்தப் பொடியைப் பரப்பில் ஒட்டிப் பிடித்துக்கொள்ளும் அக்ரிலிக் பிசின். இரண்டையும் சுமந்து வரும் தண்ணீர். இவற்றோடு நிறமி கட்டிதட்டாமல் இருக்க ஒன்று, சீராகப் பரவ ஒன்று, நுரை அடங்க ஒன்று என்று சில துணைப்பொருள்கள் மிகச் சிறிய அளவில் சேர்ந்திருக்கும். தண்ணீரில் கலக்கும் ஓவிய அக்ரிலிக் 1955-ல் அமெரிக்காவில் லிக்விடெக்ஸ் என்ற பெயரில் வந்தது. மாடல் கடைகளில் இன்று கிடைக்கும் பெரும்பாலான நீர் அக்ரிலிக்குகளும் அடிப்படையில் இதே குடும்பம்தான்.

அந்தப் பிசின் தண்ணீரில் கரைந்து இருப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத உருண்டைகளாக மிதந்துகொண்டிருக்கும். பூசியதும் தண்ணீர் ஆவியாகிறது, உருண்டைகள் நெருங்குகின்றன, ஒன்றையொன்று நசுக்கிக்கொண்டு கடைசியில் ஒரே படலமாக இணைகின்றன. நிறமி அந்தப் படலத்துக்குள் சிக்கிக்கொள்கிறது. காய்ந்த அக்ரிலிக் தண்ணீரில் மறுபடி கரையாமல் இருப்பது இதனால்தான். பொடி வைத்த ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தோலை மாடல் மீது போர்த்துகிறோம் என்று நினைத்துக்கொள்ளலாம்.

இப்போது ஒரு சொட்டு வண்ணத்தில் நான்கு சொட்டு தண்ணீர் விடுகிறோம். நிறமி ஐந்தில் ஒரு பங்காகிறது. பிசினும் ஐந்தில் ஒரு பங்காகிறது. இரண்டும் சேர்ந்துதானே குறைகின்றன, விகிதம் மாறவில்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. விகிதம் மாறாவிட்டாலும், தோலாக இணைய வேண்டிய உருண்டைகள் இப்போது அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கின்றன. முழுப் படலம் உருவாகாமல் திட்டுத் திட்டாக நிற்கிறது. நிறமியைப் பிரித்து வைத்திருந்த துணைப்பொருளும் நீர்த்துப்போவதால் பொடி ஒன்றோடொன்று ஒட்டிக் குருணையாகிறது. காகிதமோ துணியோ என்றால் நார்களுக்குள் இழுத்துக்கொண்டு ஓரளவு காப்பாற்றும். மாடலின் பிளாஸ்டிக் எதையும் உறிஞ்சாது, பிரைமர் (வண்ணம் பிடிப்பதற்காக முதலில் அடிக்கும் அடிப்பூச்சு) அடித்த பரப்பும் அதிகம் உறிஞ்சாது. பூசியது முழுவதும் மேலேயேதான் நிற்க வேண்டும்.

அடுத்தது, துளியாகத் திரளும் சிக்கல். தண்ணீருக்குப் பரப்பு இழுவிசை அதிகம், மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன். மாடல் பெட்டிகளில் வரும் பாலிஸ்டைரின் பிளாஸ்டிக்கின் பரப்பு ஆற்றல் இதில் ஏறக்குறைய பாதிதான். இந்த இரண்டும் சந்தித்தால் தண்ணீர் பரவ மறுத்து உருண்டுகொள்ளும். வண்ணத்தில் ஏற்கெனவே உள்ள பரவல் பொருள் இதைச் சமாளித்துக்கொண்டிருந்தது. நாம் தண்ணீர் ஊற்ற ஊற்ற அதன் பலம் குறைந்துகொண்டே போகிறது.

அந்த வளையத்துக்கும் காரணம் உண்டு. காய்ந்த காபித் துளி மேசையில் விடும் வளையம் எல்லோரும் பார்த்ததுதான். துளியின் ஓரம் நகராமல் ஒட்டிக்கொள்ள, ஓரத்தில் ஆவியாகும் நீரை ஈடுகட்ட நடுவிலிருந்து நீர் ஓடுகிறது. அந்த ஓட்டம் மிதக்கும் பொடியையும் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போகிறது. சிகாகோ பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் 1997-ல் இதை விளக்கினார்கள். நம் கன்னத்துச் சிவப்பு வளையமும் இதே கதைதான். திரவம் கொஞ்சம் கெட்டியாக இருந்தால் அந்த உள்ளோட்டம் மந்தமாகிவிடும், பொடி கிடந்த இடத்திலேயே உறையும். மீடியம் தருவது அந்தக் கெட்டியைத்தான்.

மீடியம் என்றால் நிறமில்லாத வண்ணம்

வண்ணத்தில் நிறமியை மட்டும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது எதுவோ அதுதான் மீடியம். அதே பிசின், அதே தண்ணீர், அதே துணைப்பொருள்கள். ஒரு சொட்டு வண்ணத்தில் நான்கு சொட்டு மீடியம் விட்டால் நிறமி ஐந்தில் ஒன்றாகும், ஆனால் பிசினின் செறிவு ஏறக்குறைய அப்படியே இருக்கும். தோல் முழுதாக உருவாகும். அந்தத் தோலில் நிறம் மட்டும் கம்மி.

புட்டியைத் திறந்தால் பல மீடியங்கள் வெள்ளையாக, பால் போலத் தெரியும். ஒளிபுகும் என்று சொல்லிவிட்டு இதென்ன வெள்ளை என்று புதியவர்கள் பயந்துவிடுவார்கள். பயப்பட வேண்டாம். மிதக்கும் பிசின் உருண்டைகள் ஒளியைச் சிதறடிப்பதால்தான் அந்த வெண்மை. ஒரு பிளாஸ்டிக் ஸ்பூனின் முதுகில் ஒரு சொட்டு தடவி வைத்துவிட்டு அருகிலேயே உட்கார்ந்து பாருங்கள். முதலில் ஓரம் தெளியும், பிறகு வெண்மை மெல்ல உள்நோக்கிச் சுருங்கிக்கொண்டே போகும், கடைசியில் நடுவில் ஒரு சிறிய வெண்புள்ளி மட்டும் நின்று அதுவும் மறைந்துவிடும். உருண்டைகள் இணைந்து தோலாவதைக் கண்ணாலேயே பார்க்கும் வழி இது. இதே காரணத்தால் மீடியம் கலந்த வண்ணம் ஈரத்தில் கொஞ்சம் வெளிறியும், காய்ந்ததும் ஒரு படி அடர்ந்தும் தெரியும். ஈரத்தில் பார்த்து நிறம் போதவில்லை என்று முடிவு செய்யாதீர்கள்.

கடையில் பல பெயர்களில் வைத்திருப்பார்கள். கிளாஸ் மீடியம் பளபளப்பாகக் காயும், எல்லாவற்றிலும் தெளிவானது இதுதான். மேட் மீடியத்தில் பளபளப்பைக் கொல்ல நுண்ணிய சிலிக்கா போன்ற பொடி சேர்த்திருப்பார்கள். கிளேஸ் மீடியம் என்பது மெல்லிய நிற அடுக்குகளுக்கென்றே செய்தது. இந்த வகையில் பலவற்றில் உலர்வதைத் தாமதிக்கும் பொருளும் இருப்பதால் பிரஷ்ஷை நகர்த்திச் சரிசெய்யக் கொஞ்சம் நேரம் கிடைக்கும். வலேஹோ நிறுவனம் மேட் மீடியம், கிளேஸ் மீடியம், தின்னர் மீடியம் என்று தனித்தனியாகவே விற்கிறது. சிட்டடெல் என்ற வண்ண வரிசையில் லாமியன் மீடியம் உண்டு. 2019-ல் வந்த அவர்களுடைய கான்ட்ராஸ்ட் வண்ணங்களுக்குத் தனியாகக் கான்ட்ராஸ்ட் மீடியம் வைத்திருக்கிறார்கள். டமியா அக்ரிலிக் பயன்படுத்துபவர்களுக்கு அதே வரிசையின் எக்ஸ்-22 கிளியர்தான் மீடியம். பளபளப்பு வார்னிஷாக விற்கும் புட்டிதான், ஆனால் நிறமில்லாத டமியா வண்ணம் என்பதே அதன் உண்மையான அடையாளம்.

எக்ஸ்-21 ஃபிளாட் பேஸ் என்பதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது பளபளப்பைக் குறைக்கும் பொடி நிறைந்த சேர்மானம். அதைத் தனியாகப் பூசினால் வெள்ளை பூத்துவிடும்.

தின்னருக்கும் மீடியத்துக்கும் உள்ள வேறுபாட்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தின்னர் வண்ணத்தை ஓட வைக்கும், அதன் பதத்தை இளக்கும். மீடியம் வண்ணத்தை ஒளிபுக வைக்கும், பதத்தை அதிகம் மாற்றாது. வேலைக்கு இரண்டும் வேண்டும். எது எவ்வளவு என்பதில்தான் சூட்சுமம். நான் முதலில் மீடியத்தால் நிறத்தின் அளவை முடிவு செய்துவிட்டு, கடைசியில் ஓரிரு சொட்டு தண்ணீரோ தின்னரோ விட்டு பதத்தைச் சரிசெய்கிறேன். வரிசை மாறினால் கலவை கைக்கு அடங்குவதில்லை.

மாடலுக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1/72 அளவு விமானத்தின் மீது வண்ணம் 0.1 மில்லிமீட்டர் தடித்துவிட்டால், நிஜ விமானத்தில் அது 7 மில்லிமீட்டர் தடிமனுக்குச் சமம். தகடுகளுக்கு இடையிலான கோடு அதற்குள் மூழ்கிவிடும், ரிவெட் தலைகள் மழுங்கிவிடும். அதனால் ஒவ்வொரு அடுக்கும் மெல்லியதாக இருந்தாக வேண்டும். மெல்லியதாகவும் இருக்க வேண்டும், உறுதியாகவும் இருக்க வேண்டும்.

இன்னொரு காரணம் நிறம் சார்ந்தது. சிறிய மாடலில் வெளிச்சம் நிஜப் பொருளில் விழுவது போல விழுவதில்லை. மடிப்பின் நிழல், தோளின் மேல் வெளிச்சம், வெயிலில் வெளுத்த மேற்பகுதி எல்லாவற்றையும் நாமேதான் வரைந்து காட்ட வேண்டும். ஒரு நிறத்திலிருந்து இன்னொன்றுக்குத் திடீரெனத் தாவாமல் படிப்படியாகப் போக வேண்டும். ஒளிபுகும் அடுக்குகள் இதற்கென்றே பிறந்தவை.

ஒரு அடுக்கு, கீழே உள்ள நிறத்தில் 20 சதவீதத்தை மறைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது அடுக்கு மிச்சமிருக்கும் 80-ல் ஐந்தில் ஒன்றை மறைக்கும், மொத்தம் 36 ஆகும். மூன்றாவதில் 49, நான்காவதில் 59, ஐந்தாவதில் 67. ஐந்து முறை பூசிய பிறகும் அடிநிறத்தில் மூன்றில் ஒரு பங்கு இன்னும் உள்ளிருந்து எட்டிப் பார்க்கிறது. ஒவ்வொரு அடுக்கின் தாவலும் முந்தையதை விடச் சிறியது. அதனால் எந்த இடத்திலும் நிறுத்திக்கொள்ளலாம், கோடு தெரியாது. தவறு செய்தாலும் ஒரு அடுக்கின் அளவுதான் தவறு. ஒரே பூச்சில் 60 சதவீதம் மறைக்கும் வண்ணத்தில் கை கொஞ்சம் பிசகினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

கையில் எடுத்துச் செய்யும்போது

ஒரு மேலங்கியை எடுத்துக்கொள்வோம். அடிநிறம் நடுத்தரப் பச்சை. மடிப்புகளில் நிழல் வேண்டும்.

குழி உள்ள பீங்கான் பேலட் நல்லது. ஈரப் பஞ்சின் மேல் காகிதம் விரித்த ஈர பேலட்டில் கிளேஸ் (மீடியம் கலந்த மெல்லிய நிறக் கலவை) கலந்தால் அடியிலிருந்து தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கும், பத்து நிமிடத்தில் கலவையின் கணக்கே மாறிவிடும். குழியில் முதலில் மீடியம் நான்கைந்து சொட்டு விட்டு, அதில் அடர் பச்சை ஒரு சொட்டு சேர்த்து, மெதுவாகக் கலக்குங்கள். வேகமாகக் கலக்கினால் நுரை வரும், அந்தக் குமிழிகள் காய்ந்தால் குட்டிப் பள்ளங்களாக நிற்கும். பிறகு தண்ணீர் ஒரு சொட்டு. கலவையைப் பேலட்டின் வெள்ளைப் பரப்பில் ஒரு கோடு இழுத்தால் அடியில் வெள்ளை தெளிவாகத் தெரிய வேண்டும், ஆனால் கோட்டின் ஓரம் உருண்டு சுருங்கக் கூடாது. இந்தப் பதம் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

அடுத்து பிரஷ். இதைத்தான் பலரும் தவறவிடுகிறார்கள், கொஞ்சம் நின்று சொல்கிறேன். பிரஷ்ஷைக் கலவையில் தோய்த்து அப்படியே மாடலுக்குக் கொண்டுபோகக் கூடாது. ஒரு டிஷ்யூ காகிதத்தின் மேல் பிரஷ்ஷின் வயிற்றை மெதுவாக வைத்து, ஒரு சுற்றுச் சுற்றி எடுங்கள். காகிதத்தில் ஈரம் பரவுவது தெரியும். இப்போது பிரஷ் ஈரமாக இருக்கும், ஆனால் நுனியில் துளி தொங்காது. கட்டைவிரல் நகத்தில் ஒரு கோடு இழுத்துப் பார்த்தால் நிறம் மங்கலாக, சீராக விழ வேண்டும். நகத்தில் குட்டை கட்டினால் மாடலிலும் கட்டும். வாஷுக்கும் கிளேஸுக்கும் உள்ள வித்தியாசமே இந்த இடத்தில்தான். வாஷ் என்பது தாராளமாக விட்டு பள்ளங்களில் தானாக ஓடித் தேங்க வைப்பது. கிளேஸில் வண்ணம் தானாக எங்கும் ஓடக் கூடாது, நாம் இழுக்கும் இடத்துக்கு மட்டும் வர வேண்டும்.

இழுக்கும் திசையும் முக்கியம். பிரஷ்ஷை எடுக்கும் இடத்தில்தான் நிறமி அதிகம் சேரும். நிழல் மடிப்பின் ஆழத்தில் வேண்டும் என்றால், மேட்டிலிருந்து தொடங்கி ஆழத்தை நோக்கி இழுத்து, அங்கே பிரஷ்ஷைத் தூக்குங்கள். வெளிச்சம் ஏற்றும்போது தலைகீழ், பள்ளத்திலிருந்து மேட்டுக்கு. முதல் அடுக்கைக் கொஞ்சம் அகலமாகவும், அடுத்தடுத்தவற்றை ஒவ்வொரு முறையும் குறுக்கிக்கொண்டும் போனால் படிகள் தாமாகவே கலந்துவிடும்.

பூசிய இடத்தை மறுபடி தொடாதீர்கள். ஒரு அடுக்கு பாதி காய்ந்த நிலையில் தோல் அரைகுறையாக இணைந்திருக்கும். அப்போது பிரஷ் பட்டால் அந்தத் தோல் கிழிந்து சுருண்டு வரும், கீழே அடிநிறம் வெளியே தெரியும். அந்த ஓட்டையைச் சரிசெய்வது, முதலிலிருந்து பூசுவதை விடக் கஷ்டம். கண்ணுக்கு ஈரப் பளபளப்பு போன பிறகும் கொஞ்ச நேரம் விடுங்கள். 15 முதல் 30 நிமிடம் என்பது சாதாரண மீடியத்துக்கு நல்ல கணக்கு. தாமதிக்கும் பொருள் சேர்ந்திருந்தால் இன்னும் கூடும். ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில், கை நீளத் தொலைவில் வைத்துக் காட்டலாம். அவசரப்பட்டுப் பக்கத்தில் கொண்டுபோனால் பாலிஸ்டைரின் வளைந்துவிடும்.

நான் இரண்டு மூன்று பகுதிகளை ஒரே சமயத்தில் பூச எடுத்துக்கொள்வேன். மேலங்கி காயும்போது பூட்ஸ், பூட்ஸ் காயும்போது பை. காத்திருப்பது தெரியாது, கையும் சும்மா இருக்காது.

எல்லா நிறமும் ஒன்றல்ல

ஒரே விகிதத்தில் கலந்தாலும் ஒவ்வொரு நிறமும் வேறு மாதிரி நடந்துகொள்ளும். காரணம் நிறமிதான். வெள்ளை வண்ணத்தில் இருக்கும் டைட்டானியம் டை ஆக்ஸைடு ஒளியைப் பலமாக வளைக்கும். அதன் ஒளிவிலகல் எண் சுமார் 2.7, சுற்றியுள்ள பிசினுடையது சுமார் 1.5. இந்த இடைவெளி பெரிதாக இருப்பதால் ஒளி சிதறுகிறது, வெள்ளை நன்றாக மறைக்கிறது. அதனால்தான் வெள்ளை கலந்த நிறங்களை, அதாவது வெளிர் நீலம், சாம்பல், தோல் நிறம் போன்றவற்றை, எவ்வளவு மெல்லியதாக்கினாலும் ஒரு பனிமூட்டம் போலப் படியும். நிறைய சிவப்பு, மஞ்சள், நீல நிறமிகள் இயல்பிலேயே ஒளிபுகும் தன்மை கொண்டவை. அவை கண்ணாடித்தாள் போல விழும்.

இதைக் குறையாகப் பார்க்காமல் கருவியாகப் பயன்படுத்தலாம். தூசி படிந்த தோற்றம் வேண்டுமா, வெள்ளை கலந்த மண்ணிறத்தை மீடியத்தில் கலந்து பூசுங்கள், மூட்டம்தான் அங்கே தேவை. நிழலுக்கும் செறிவான நிறத்துக்கும் வெள்ளை கலக்காத நிறங்களை எடுங்கள். பச்சையின் நிழலுக்குக் கறுப்பை விட, நீலமோ ஊதாவோ மெல்லியதாகப் போட்டால் உயிர் வரும். மேலே உள்ள தாளும் கீழே உள்ள நிறமும் சேர்ந்து மூன்றாவது ஒரு நிறம் கண்ணுக்குத் தெரியும். பேலட்டில் கலந்தால் அந்த ஆழம் வராது.

சிவப்பு, மஞ்சள் போன்று மறைக்கும் திறன் குறைந்த நிறங்களை முழு அடிநிறமாகப் பூசும்போது மட்டும் மீடியத்தைக் குறையுங்கள். அங்கே ஏற்கெனவே ஒளி புகுந்துகொண்டிருக்கிறது. மீடியம் சேர்த்தால் பத்து அடுக்கு பூச நேரும்.

மெட்டாலிக் வண்ணங்களுக்குத் தனி நியாயம். அவற்றில் நிறமிக்குப் பதில் தட்டையான செதில்கள் இருக்கின்றன. அவை ஒரே மாதிரி படுத்தால்தான் உலோகம் போல மின்னும். தண்ணீர் அதிகமானால் செதில்கள் தாறுமாறாக ஒதுங்கும். மேட் மீடியம் சேர்த்தால் மினுப்பு செத்துவிடும். கிளாஸ் மீடியமோ, மெட்டாலிக்குக்கென்று விற்கும் மீடியமோதான் சரி.

பெரிய பரப்பும் ஏர்பிரஷ்ஷும்

பல நிறங்களில் உருமறைப்பு அடித்த டாங்கியோ விமானமோ முடிந்த கையோடு பார்த்தால் நிறங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல், வெட்டி ஒட்டியது போல நிற்கும். அப்போது மிக மெல்லிய மண்ணிற அடுக்கு ஒன்றை எல்லாவற்றின் மேலும் ஓட்டினால் எல்லா நிறமும் ஒரே குடும்பமாகிவிடும். இதை ஃபில்டர் என்கிறார்கள். கிளேஸின் அகன்ற வடிவம்தான். ஒரு சொட்டு வண்ணத்துக்குப் பத்து சொட்டுக்கு மேலேயே மீடியமும் தின்னரும் போகலாம். பிரஷ்ஷில் செய்தால் ஒரு தகடு முடித்து அடுத்த தகடு என்று போங்கள், தகட்டுக் கோட்டில் நிறுத்தினால் இணைப்பு தெரியாது.

காற்றழுத்தத்தால் வண்ணத்தைத் தூவும் ஏர்பிரஷ்ஷில் இது இன்னும் சுலபம். வண்ணம் ஒன்று, மீடியம் இரண்டு, அதன்பின் கோப்பையின் சுவரில் ஏற்றிவிட்டால் சீராக வழியும் அளவுக்குத் தின்னர். 0.3 மில்லிமீட்டர் நுனிக்கு 15 முதல் 20 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) காற்றழுத்தம் எனக்கு ஒத்துவருகிறது. மீடியம் இல்லாமல் தின்னரை மட்டும் ஏராளமாக விட்டு அடித்தால், மாடலில் பட்ட துளி காற்றின் வேகத்தில் சிலந்திக்கால் போல ஓடும். பிசின் உள்ள கலவை அப்படி ஓடாது. மறுபக்கம், பிசின் அதிகமானால் ஊசி நுனியில் காய்ந்து அடைக்கும். தாமதிக்கும் பொருள் ஒரு சொட்டு சேர்த்து, ஈரமான பஞ்சுக்குச்சியால் நுனியை அவ்வப்போது துடைத்துக்கொண்டே போனால் சமாளிக்கலாம்.

எங்கே கெடும்?

ஒருமுறை அடர் நீல விமானம் ஒன்றில் மேட் மீடியத்தை மட்டுமே நம்பி ஏழெட்டு அடுக்கு ஏற்றினேன். கடைசியில் நீலத்தின் மேல் மெல்லிய சாம்பல் பூத்தது போலாகிவிட்டது. வண்ணமெல்லாம் சரியாகத்தான் இருந்தது. மேட் மீடியத்தின் பொடி அடுக்கடுக்காகச் சேர்ந்து ஒளியைச் சிதறடித்ததுதான் காரணம். மேலே ஒரு பளபளப்பு வார்னிஷ் பூசியதும் பெரும்பகுதி தெளிந்தது, அதன் மேல் ஒரே ஒரு மேட் வார்னிஷ் போட்டு முடித்தேன். அன்றிலிருந்து அடர்நிறங்களில் அடுக்குகளைக் கிளாஸ் மீடியத்திலோ கிளேஸ் மீடியத்திலோ செய்துவிட்டு, மேட் தோற்றத்தைக் கடைசி வார்னிஷில் மட்டும் கொண்டுவருகிறேன். வேலை நடக்கும்போது மாடல் பளபளவென்று இருப்பது கண்ணை உறுத்தும், பழகிக்கொள்ள வேண்டும்.

மேட் மீடியம் புட்டியைத் திறப்பதற்கு முன் அடியில் பொடி தங்கியிருக்கிறதா என்று பாருங்கள். கலக்காமல் மேலாக எடுத்தால் பளபளப்பாகவும், புட்டி தீரும் சமயத்தில் வெள்ளையாகவும் காயும். ஒரே புட்டி இரண்டு விதமாக நடந்துகொள்வதன் ரகசியம் அதுதான்.

கலக்கும் பொருள்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றனவா என்பதும் பெரிய விஷயம். டமியா அக்ரிலிக்கில் ஆல்கஹால் வகைக் கரைப்பான்கள் இருக்கின்றன. அதன் எக்ஸ்-20ஏ தின்னரை நீர் அடிப்படையிலான வலேஹோ போன்ற வண்ணத்தில் விட்டால், பல சமயம் ரப்பர் துணுக்குகளாகத் திரிந்துபோகும். ஏர்பிரஷ்ஷுக்குள் இது நடந்தால் முழுதாகக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டிவரும். ஒரே நிறுவனத்தின் ஒரே வரிசைக்குள் கலப்பது பாதுகாப்பு. வேறு வழியில்லை என்றால் பேலட்டில் ஒரு சொட்டுக்கு ஒரு சொட்டு கலந்து ஐந்து நிமிடம் காத்திருந்து, வழவழப்பாகவே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மாடலுக்குப் போங்கள்.

மீடியம் நல்லது என்பதற்காகக் கெட்டியாகப் பூசிவிடக் கூடாது. அது பிசின்தான், அதற்கும் தடிமன் உண்டு. தாமதிக்கும் பொருளைத் தாராளமாகச் சேர்த்தால் நாள்கணக்கில் பிசுபிசுப்பு போகாது, விரல் ரேகை அப்படியே பதியும். அடித்தளமும் சரியாக இருக்க வேண்டும். நீர் அக்ரிலிக் பாலிஸ்டைரினைக் கடித்துப் பிடிக்காது. சோப்பு நீரில் கழுவி, காயவைத்து, பிரைமர் அடித்த பரப்பில்தான் இந்த அடுக்குகள் நிற்கும். இல்லாவிட்டால் மாஸ்கிங் டேப்பை உரிக்கும்போது அத்தனை உழைப்பும் டேப்போடு போய்விடும்.

முதல் முயற்சிக்கு மாடலே வேண்டாம். ஐந்து பிளாஸ்டிக் ஸ்பூன்களுக்குப் பிரைமர் அடித்து, ஒரே அடிநிறம் பூசிக் காயவையுங்கள். ஒரே அடர்நிறத்தை முதல் ஸ்பூனில் தண்ணீர் மட்டும் விட்டு, அடுத்ததில் கிளாஸ் மீடியம், அடுத்ததில் மேட், அடுத்ததில் கிளேஸ், கடைசியில் பாதி மீடியம் பாதி தண்ணீர் என்று பூசுங்கள். ஒவ்வொன்றிலும் கைப்பிடியிலிருந்து குழிவு வரை ஐந்து பட்டைகள்: முதல் பட்டையில் ஒரு அடுக்கு, கடைசிப் பட்டையில் ஐந்து. மறுநாள் நன்றாகக் காய்ந்த பிறகு விரலால் ஒருமுறை அழுத்தித் தேய்த்துவிட்டு, ஸ்பூனின் பின்பக்கத்தில் விகிதத்தை எழுதி வைத்துவிடுங்கள். என்னுடைய ஸ்பூன்கள் இன்னும் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. புது நிறம் ஒன்று வாங்கினால் முதலில் அவற்றைத்தான் எடுத்துப் பார்க்கிறேன்.